பி கொட்டகைக்கு வந்த தீனி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, டைப் அடிக்க வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, "ஓய், இது உம்ம சரக்கு இல்லையாமே" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

1996-இல் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் எனக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. மார்ச் மாதம் பார்கவி என்ற பெண் கையெழுத்துக் கட்டோடு வந்தாள். கறிக்கோழியைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுவந்து ஜூன் வரை அலைந்தாள். நான் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டரும், கூடவே கரகரவென்று கத்தி ஒரு பக்கத்தைத் துப்ப இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிற பிரிண்டரும் வாங்கியிருந்தேன். அது கத்தி முடிக்கிறவரை அவள் பேசிக்கொண்டிருப்பாள். அப்படிக் கேட்டது பாதி. மீதியை நானாகப் போட்டு நிரப்பியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

தாமிரபரணியில் கணுக்கால் அளவே தண்ணீர் ஓடிய ஒரு கோடைக் காலையில் பார்கவி—

வேண்டாம். ஆற்றை இழுக்காமல் இந்த ஊரில் ஒருத்தனுக்கும் கதை தொடங்கத் தெரியாதா என்பீர்கள்.

பசி என்பது ரத்தத்தில் எழுதப்பட்ட—

சீ. இது வாழ்த்து மடலுக்கு ஆகும்.

ஜாய்சி பொய் சொன்னாள்.

இது நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் பொய் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. அதனால் இதையும் அடித்து நீக்கிவிடுகிறேன். தொடக்கம் இல்லாமலேயே உள்ளே போவோம்.

2

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இல்லாவிட்டால் கதை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் பார்கவியிடம் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான வளக்காங்க?"

ஊசி கிடையாது. ஹார்மோன் கோழியின் உடம்பிலேயே ஊறுகிறது, உங்களுக்கும் எனக்கும் ஊறுகிற மாதிரி. எதைத் தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம் என்று பார்த்து உடம்பு அதைக் கூட்டும், குறைக்கும். அவற்றில் ஒன்றுக்கு டி3 (T3, வைட்டமின் டி அல்ல) என்று பெயர். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியின் சரக்கு. வயிறு நிறையத் தீனி கிடைத்தால் ரத்தத்தில் டி3 ஏறும், உடம்பு மளமளவென்று எரித்து வளரும். தீனி குறைந்தால் ஒரே நாளில் டி3 இறங்கிவிடும். கேஸ் தீரப்போகிறது என்று தெரிந்தால் அடுப்பைச் சிம்மில் வைப்பதில்லையா, அது மாதிரி. (பார்கவி சொன்ன உவமை. நான் யோசித்தது இதைவிட மோசம்.)

இதில் அவளுக்கு என்ன அக்கறை? கறிக்கோழி வளர்கிற வேகத்துக்கு அதன் இதயம் ஈடுகொடுப்பதில்லை. ஐந்தாவது வாரத்தில் சிலது வயிற்றில் நீர் கோத்துச் செத்துப்போகும். குஞ்சுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை பாதித் தீனி மட்டும் கொடுத்தால் உடம்பு நிதானப்படும், பிறகு வயிறாரப் போட்டால் விட்ட எடையைப் பிடித்துவிடும் என்பது அவள் கணிப்பு. அதைக் காட்டத்தான் நாங்குநேரி போகிற வழியில் இருந்த ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு கொட்டகை வாங்கினாள். நடுவில் ஒரே ஒரு சுவர். ஏ கொட்டகையில் நூறு குஞ்சு, தட்டில் எந்நேரமும் தீனி. பி கொட்டகையில் நூறு குஞ்சு, காலையில் ஒரு தடவை, பாதி அளவு. தீனி ஸ்டோர் சாவி அவள் கைப்பைக்குள்.

பார்கவி கல்லிடைக்குறிச்சிக்காரி. முட்டை உடைக்கிற சத்தமே கேட்காத வீடு. மற்றப் பெண்கள் கரண்டி பிடிக்கப் பழகுகிற வயதில் இவள் தினமும் இருநூறு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி எடை போட்டாள். நான்கு வருஷம். உதவித்தொகை ஜூனோடு முடிகிறது.

ஜாய்சி அந்தப் பண்ணையில் தினக்கூலி. உவரியில் பிறந்து நாங்குநேரிப் பக்கம் வாக்கப்பட்டவள், நாற்பது வயது இருக்கும். ஆறு வருஷம் ஓட்டிவிட்டாள். ஏழு முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

3

ஆறாவது வாரம் எடை போட்டார்கள். பி கொட்டகைக் கோழிகள் குறைவாகத் தின்று, ஏ கொட்டகைக்குச் சமமாக நின்றன. பார்கவிக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் தாஜ் முகம்மது, லேசில் சிரிக்காத மேலப்பாளையத்துக்காரர், சிரித்தார். "ஜூலையில விவசாயிங்க கூட்டம் இருக்கும்மா. நீயே மேடையில சொல்லு" என்றார்.

ஏப்ரலில் ரத்தப் பரிசோதனை முடிவு சென்னையிலிருந்து வந்தது. பதினான்காம் நாள் நண்பகலில் குஞ்சுகளின் சிறகுக்கு அடியில் இருக்கிற நரம்பில் எடுத்த ரத்தம். ஏ கொட்டகையில் டி3 இவ்வளவு. பி கொட்டகையிலும் அதே இவ்வளவு.

பசித்துக் கிடந்த குஞ்சின் ரத்தத்தில் பசியைக் காணோம்.

(இந்த அட்டவணையை நான் மூன்று தடவை அடித்தேன். எண் தவறிவிட்டதோ என்று அவளிடமே கேட்டேன். "அதேதான் அண்ணாச்சி, அதுதான் எனக்கும் புரியலை" என்றாள். அன்றைக்குத்தான் இந்தக் கதை எனக்குப் பிடித்தது. அவள் முழிப்பதைப் பார்த்துக் கதை பிடித்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.)

4

மறுநாள் பண்ணையில் ஜாய்சி தீனித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பார்கவி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஜாய்சிக்கா, பி செட்டுக்கு நீங்க ஏதாவது போட்டீங்களா?"

ஜாய்சி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போட்டேன்."

"ஸ்டோர் சாவி எங்கிட்டல்லா இருக்கு?"

"ஸ்டோர்ல எதுக்கு எடுக்கணும்? ஏ செட்டுத் தட்டுல நெறையக் கெடக்கு. அதுல அள்ளி இங்கன போட்டேன். நீங்க பஸ் ஏறுன பொறவு, தெனமும் சாயந்தரம்."

"சோதனைன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"எங்கிட்டச் சொன்னீங்க டாக்டரம்மா. அதுவகிட்டச் சொல்லலைல்லா." ஜாய்சி தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "எங்க ஊர்ல ஒருத்தன் மரம் மீனோட வரும், ஒருத்தன் மரம் வெறுசா வரும். வெறுசா வந்தவன் வீட்லயும் அன்னைக்குக் கொழம்பு கொதிக்கும். பக்கத்து மரத்துக்காரன் கறிக்கு ரெண்டு மீன் போட்ருவான், கேக்கவே வேண்டாம். இங்க செவருக்கு அந்தப் பக்கம் நெறஞ்சு கெடக்கு, இந்தப் பக்கம் கெடந்து கத்துது. போடாம எப்படிப் போவேன், சொல்லுங்க."

(மரம் என்றால் கட்டுமரம். கல்லிடைக்குறிச்சிக்காரிக்கே புரிந்துவிட்டது, உங்களுக்கும் புரிந்திருக்கும்.)

பார்கவிக்கு ஆத்திரம் பொங்கியது. நான்கு வருஷ உழைப்பை ஒருத்தி கையால் அள்ளி அந்தப் பக்கம் போட்டிருக்கிறாள். அதோடு, வெளியே சொல்ல முடியாத ஒரு நிம்மதியும் வந்தது. ஏ கொட்டகை தின்றதாகக் குறித்ததில் ஒரு பங்கை பி தின்றிருக்கிறது. ரத்தம் பொய் சொல்லவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

5

முடியவில்லை. கெடுத்தது நான்தான்.

பிரிண்டர் கத்திக்கொண்டிருந்தபோது பண்ணை நாட்குறிப்பைப் புரட்டினேன், அவள் பின்னிணைப்பில் சேர்க்கக் கொடுத்தது. குஞ்சுகளுக்குப் பதினோராம் நாள் என்பதற்கு நேரே, அவள் கையெழுத்தில்: 'ஜாய்சி மாலை உவரி சென்றார். அந்தோனியார் கோயில் திருவிழா.' பதினைந்தாம் நாளில்: 'ஜாய்சி திரும்பினார்.'

ரத்தம் எடுத்தது பதினான்காம் நாள்.

"ஏம்மா, தீனி குறைஞ்சா ஒரே நாள்ல இறங்கிரும்னு நீதான சொன்ன? ஜாய்சி கிளம்பிப் போய் மூணு நாள் ஆச்சே. அப்பவே இறங்கியிருக்கணும்லா?"

அவள் நாட்குறிப்பைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"அந்த மூணு நாள் கொட்டகையைப் பாத்தது யாரு?"

"நான்தான்."

"வேற யாரும்?"

"யாரும் இல்லை."

இந்த இடத்தில் பார்கவி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் மேல் சந்தேகம் வந்த மாதிரிதான். அதன் பிறகு கதையை ரசிக்க முடியாது, பையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்கவி பதின்மூன்றாம் நாள் மாலை, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு—

இப்படி எழுத எனக்கு என்ன உரிமை? எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது என்றாள். "நிஜமாவே ஞாபகம் இல்லை அண்ணாச்சி. என் கையில குவளை இருந்தது ஞாபகம் இருக்கு. குஞ்செல்லாம் என் பாதத்து மேல ஏறி ஏறி விழுந்தது ஞாபகம் இருக்கு. அது காலையில அளந்து போட்டப்பவா, சாயந்தரமான்னு தெரியலை. ரெண்டு கொட்டகையும் ஒண்ணு போலத்தான இருக்கு. ஏ-யா, பி-யா, அதுவும் தெரியலை."

வயிறு நிறைந்த குஞ்சு காலில் ஏறாது. அதுவும் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆக, பி-தான். ஆனால் காலையிலும் பி-க்குப் பசிதான், அப்போதும் ஏறும். பாருங்கள், நான் எங்கே போய் நிற்கிறேன் என்று. ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்கள் சென்னை ரயிலில் மாறிப்போயிருக்கலாம். ஜாய்சி போவதற்கு முன் தரையில் பரப்பியிருந்த உமிக்கு மேல் ஒரேயடியாக மூன்று நாளைக்குக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் அள்ளிப் போட்டேன் என்றவள் அதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். தினக்கூலிக்கு மூன்று நாள் வராவிட்டால் மூன்று நாள் சம்பளம் போச்சு. திருவிழாவுக்குத்தானே போகிறாள் என்று வருகைப் பதிவேட்டில் பார்கவி மூன்று நாளும் 'வந்தார்' என்று போட்டிருந்தாள். நல்ல மனசுதான். பண்ணைக் காகிதப்படி அந்த மூன்று நாளும் கொட்டகையில் இருந்தது ஜாய்சி.

6

விவசாயிகள் கூட்டத்தில் பேச மாட்டேன் என்று பார்கவி பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பாதித் தீனி போதும் என்று மேடையில் சொல்லி, நம்பி அப்படிப் போடுகிறவன் கோழி இளைத்துப் போனால்? பி கொட்டகைக்குக் கூடுதல் தீனி விழுந்திருக்கிறது என்பதையும் சொன்னாள். அது வரைக்கும் நேர்மையாகத்தான் நடந்துகொண்டாள், குறை சொல்ல முடியாது.

தாஜ் முகம்மது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாரு போட்டது?"

அவள் மேசையில் இருந்த கண்ணாடியையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியாம வேலையாள் போட்டிருந்தா, இந்த ஒரு சோதனையைத் தள்ளிட்டு ஆறு மாசம் நீட்டிப்பு வாங்கித் தாரேன். ஆளை மட்டும் நிப்பாட்டிருவாங்க, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆய்வு செய்யுத ஆளே கை வச்சிருந்தா உன் பதிவையே ரத்து பண்ணிருவாங்கம்மா. எதுவா இருந்தாலும் சரி, நாளைக்குள்ள எழுத்துல கொடு."

விஷயம் ஜாய்சி காதுக்குப் போனது. அன்று பிற்பகலே அவள் ஒரு வெள்ளைத் தாளோடு பார்கவியிடம் வந்தாள். தாளின் அடியில் மட்டும் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதியது.

"மேல நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க."

"ஜாய்சிக்கா, அந்த மூணு நாளு நீங்க இல்லையே."

"ஏட்டுல இருக்கேன்லா." ஜாய்சி சிரித்தாள். "போட்டது போட்டதுதான். அஞ்சு நாள் போட்டவளுக்கு மூணு நாள் கூடப் போட்டா என்ன? எனக்குக் கருவாடு விக்கத் தெரியும். உங்களுக்கு இதை விட்டா என்ன தெரியும், சொல்லுங்க."

பார்கவி அழுதாள். (அவள் சொல்லவில்லை. நானாகப் போட்டது. ஆனால் அழுதிருப்பாள்.)

7

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவில், அவள் ஜாய்சியின் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். ஆறு மாதம் கிடைக்கிறது, புதுக் குஞ்சு, புதுச் சோதனை, பட்டம். ஜாய்சி உவரிக்கும் நாங்குநேரிக்கும் கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறுகிறாள். எல்லாம் முறைப்படி நடக்கிறது. படித்துப் பார்த்தால் எனக்குத் தாளைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

இரண்டாவதில், தன் பெயரை எழுதுகிறாள். படிக்க நன்றாக இருக்கிறது, கண்கூடக் கலங்குகிறது. ஆனால் செய்தோமா என்று தனக்கே தெரியாததைச் செய்தேன் என்று எழுதுவதும் பொய்தான். அதற்காக நான்கு வருஷத்தைக் கொடு என்று ஒரு பெண்ணிடம் சொல்ல நான் யார்? அதோடு, ஐந்து நாள் போட்டவள் ஜாய்சி என்பதும் நிஜம்.

'தெரியவில்லை' என்று எழுதலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். தெரியாது என்பதற்கு அந்த அலுவலகத்தில் படிவம் இல்லையாம்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நடந்த வரைக்கும் சொல்கிறேன்.

மறுநாள் மாலை நாலு மணிக்குப் பார்கவி அந்தத் தாளோடு என் கடைக்கு வந்தாள். ஐந்து மணிக்குப் பேராசிரியர் கிளம்பிவிடுவார். கையெழுத்துக்கு மேலே இடம் பார்த்து அடிக்க வேண்டும் என்பதால் கம்ப்யூட்டர் உதவாது. பழைய தமிழ் டைப்ரைட்டரின் உறையை எடுத்து, தாளை உருளையில் ஏற்றினேன். அப்படி ஏற்றும்போது தாளின் அடிப்பாகம் உருளைக்குப் பின்னால் நின்றுவிடும், எழுத்து எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். பார்கவி ஜாய்சியின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

"சொல்லும்மா" என்றேன்.

"பி கொட்டகைக்குத் தீனி போட்டது" என்றாள்.

அடித்தேன்.

"அப்புறம்?"

மணி நாலரை. எனக்கு அடிக்க மட்டும்தான் தெரியும். அடுத்தது ஒரு பெயர். நீங்கள் சொல்லுங்கள், அடிக்கிறேன்.