தோள்ல சுண்ணாம்பு

சந்தியாகு எங்க வாசல்ல வந்து நின்னப்போ, கையில இருந்த கருவாட்டை அப்படியே அவன் மூஞ்சியில விசிறலாமான்னு வந்துது எனக்கு. உச்சி வெயிலு. எங்க வூட்டுக்காரரு ஏரிக்குப் போயிருந்தாரு. சந்தியாகு கோட்டையில இருக்கிற வெள்ளைக்கார ஒலாந்தாக்காரனுக்கு துபாஷி. அவங்க பேச்சை நமக்கும், நம்ம பேச்சை அவங்களுக்கும் மாத்திச் சொல்றவன்.

அவன் மேல எனக்கு ஏன் அவ்ளோ ஆத்திரம்னு கேக்கிறீங்களா? ஆறு வருசத்துக்கு முன்னாடி பஞ்சம். கோட்டையில கஞ்சி ஊத்துறாங்கன்னு எங்க ஊரு தோணிரேவு முழுக்கத் தமுக்கடிச்சுச் சொன்னவன் இவன்தான். என்னைப் பெத்த நைனா சட்டியை எடுத்துக்கிட்டுப் போனாரு. கஞ்சி ஊத்தினது நெஜம்தான். குடிச்சு முடிச்சதும் கதவைச் சாத்திட்டு, இருந்தவங்களை எல்லாம் அடிமையா விக்கக் கப்பல்ல ஏத்திட்டாங்க. சட்டியும் வரல, நைனாவும் வரல.

"இன்னாய்யா, இப்போ எங்க கஞ்சி ஊத்துறாங்க?"ன்னு கேட்டேன்.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "செல்வம்மா, வெள்ளிக்கிழமை உங்க ஊரு ஆம்பளைங்களை எல்லாம் கோட்டைக்கு வரச் சொல்லியிருக்காங்கல்ல, அது பட்டாளத்துக்கு ஆள் எடுக்க. புதுசா வந்திருக்கிற பட்டாளத்துத் தலைவன், கப்பித்தான், ஒரு தினுசு. மாரை அளக்க மாட்டான், பல்லைப் பாக்க மாட்டான். புத்தியைப் பாப்பான். உடைச்ச கட்டைத் துண்டுங்களைக் குடுத்துச் சேக்கச் சொல்லுவான், படத்தைக் காட்டி இதுல இன்னா தப்புன்னு கேப்பான். புத்தியா செஞ்சவனுக்குக் கோட்டையிலயே காவல் வேலை, பொழுது சாஞ்சா வூட்டுக்கு வரலாம். செய்யாதவனைக் கப்பல்ல ஏத்தி, தூர தேசத்துச் சண்டைக்குச் சுமை தூக்க அனுப்பிடுவான். உன் புருசன் எல்லப்பனையும் உன் தம்பி குப்பனையும் ஒழுங்கா செய்யச் சொல்லு. வெளியில சொல்லாத. எல்லாருமே தேறிட்டா அவனுக்கு சந்தேகம் வந்துடும்."

"இதை என்கிட்ட வந்து சொல்ல உனக்கு இன்னா வந்துது?"

"உங்க நைனாவுக்காக. அன்னைக்கி கதவைச் சாத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது. மாதா சத்தியமா தெரியாது. சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

"இன்னைக்கும் சொல்லச் சொன்னதைத்தானே சொல்ற? போய்யா!"

அவன் போயிட்டான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கேன்னு நான் அங்கயே குந்தி யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எனக்கு எல்லாம் தெளிவாப் புரிஞ்சாப்ல இருந்துது. நீங்களே சொல்லுங்க, சந்தைக்குப் போறவன் நல்ல மாட்டை விட்டுட்டு நொண்டி மாட்டையா ஓட்டிட்டுப் போவான்? கப்பல்ல ஏத்துறவன் புத்திசாலியைத்தான் ஏத்துவான். இந்தப் பேமானி நைனாவை வித்தது பத்தாம என் புருசனையும் தம்பியையும் விக்க வந்திருக்கான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவன் சொன்னதைத் தலைகீழாப் புடிச்சா அதுதான் உண்மைன்னு முடிவு பண்ணிட்டேன்.

எங்க ஊர்ல ஒரு கட்டு உண்டு. ஏரி யாருக்கும் சொந்தமில்ல. எந்தெந்த இடத்துல யாரு வலை போடறதுன்னு முறை வெச்சுப் பிரிப்போம், அதுக்குப் பாடுன்னு பேரு. குடும்பத்துக்கு ஒரு ஓலை நறுக்கு, எல்லாத்தையும் குடத்துல போட்டுக் குலுக்கி எடுப்பாங்க. மீனு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சவன் அதை மத்தவங்க கிட்ட மறைக்கக் கூடாது. மறைச்சா அவன் ஓலை குடத்துல விழாது. ஓலை விழலைன்னா ஏரியில கால் வெக்க முடியாது.

அதனால நான் மறைக்கல. சாயங்காலம் கரையில நின்னு சத்தம் போட்டே சொன்னேன். "புத்திசாலியைக் கப்பல்ல ஏத்தப் போறானாம். எல்லாரும் மடையனா நில்லுங்க, வூடு வந்து சேருவீங்க!" யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. கோட்டையிலேர்ந்து சேதின்னேன். சந்தியாகு பேரைச் சொல்லல. அவன் இன்னா வார்த்தை சொன்னான்னும் சொல்லல. சொன்னா ஜனம் குழம்பும், நாலு பேரு அவன் பேச்சை நம்பிடுவாங்க, அப்படின்னு நெனைச்சேன்.

ஊர்ப் பெரியவரு நீலமேகம் கூட, "செல்வம்மா சொல்றது சரிதான்"னு தலையாட்டினாரு. அப்புறம் நாலு நாளு ஊரே கூத்துதான். யாரு பெரிய மடையன்னு போட்டி. அதுல குப்பன்தான் கெட்டி. நைனா போனப்புறம் நான் சோறூட்டி வளத்த புள்ள, நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். வாயைப் பொளந்து, கண்ணைச் செருகி அவன் நிப்பான் பாருங்க, அவன் பொண்டாட்டி முனியம்மா இடுப்புல கைக்கொழந்தையோட சிரிச்சு சிரிச்சுக் கீழே விழுந்தா.

எங்க வூட்டுக்காரருக்குத்தான் புடிக்கல. "என்னால அப்படி நிக்க முடியாது புள்ளே. ஏரியில எவனும் என்னை மடையன்னு சொன்னதில்ல"ன்னாரு.

"ஏரியில வேணாம், கோட்டையில சொல்லட்டும். சொன்னா உன் கிரீடம் இறங்கிடுமா?"ன்னு திட்டி, தாலி மேல சத்தியம் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை பொம்பளைங்க எல்லாம் அகழிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தோம். கிழவருன்னு நீலமேகத்தை விட்டுட்டாங்க, மத்தபடி எங்க ஊரு ஆம்பளைங்க இருபத்தெட்டு பேரு. ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொருத்தரா வெளியில விட்டாங்க. வெளியில வந்தவங்க தோள்ல ஒரு கோடு. எல்லார் தோள்லயும் சுண்ணாம்பு. மொத்தப் பேரும் மதிலோரமா நின்னு சிரிப்பை அடக்கிக்கிட்டு எங்களைப் பாத்துக் கண்ணடிச்சாங்க. குப்பன் சுண்ணாம்புத் தோளைக் காட்டி, "அக்கா! கட்டையைக் குடுத்தான், நான் கடிச்சுப் பாத்தேன்!"னு கத்தினான். நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அப்பாடா, நைனாவுக்கு ஆனது இவனுக்கு ஆகாதுன்னு இருந்துது.

கடைசியா எங்க வூட்டுக்காரரு வந்தாரு. தோள்ல காவிக் கோடு.

"அடப்பாவி மனுசா! படிச்சுப் படிச்சு சொன்னேனே! தாலி மேல சத்தியம் பண்ணியே! என்னைத் தாலி அறுக்க வெச்சியா!"ன்னு மாரில அடிச்சுக்கிட்டேன். ஊரே பாத்துது.

அவரு என்னைப் பாக்காம சொன்னாரு: "கட்டையை எல்லாம் தப்பாத்தான் வெச்சேன் புள்ளே. அப்புறம் ஒரு படம் காட்டினான். தோணி பாய் விரிச்சுப் போவுது. பாய் தெக்கால உப்பியிருக்குது, மேல கொடி வடக்கால பறக்குது. ஒரு தோணிக்கு ரெண்டு காத்தா அடிக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாய் தன்னால சொல்லிடுச்சு. அந்தாளு என் முதுகுல தட்டி, கட்டையைத் திரும்பக் குடுத்தான். அதுக்கு மேல தப்பா வெக்கக் கை வரல."

மீன்காரன் கிட்ட எதுல வேணா பொய் சொல்லச் சொல்லலாம், காத்துல பொய் சொல்லச் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியாமப் போச்சு.

அப்பத்தான் சந்தியாகு கையில காகிதத்தோட வந்தான். வந்ததும் என்னைத் தேடினான். அப்புறம் மதிலோரம் நின்ன இருபத்தேழு சுண்ணாம்புத் தோளைப் பாத்தான். அவன் மூஞ்சியில ரத்தமே இல்ல. காகிதத்தைப் படிச்சான். "காவி வெச்சவங்க கோட்டைக் காவலுக்கு. சுண்ணாம்பு வெச்சவங்க முகத்துவாரத்துல நிக்கிற படகுக்கு. இன்னைக்கே கப்பல் கிளம்புது."

துப்பாக்கிக்காரங்க சுத்தி வளைச்சுட்டாங்க. குப்பனுக்கு முதல்ல புரியல. என்னைப் பாத்து, "அக்கா, இப்போ இன்னா பண்ணணும்?"னு கேட்டான். அப்புறம் புரிஞ்சு போச்சு அவனுக்கு. கப்பித்தானைப் பாத்து ஓடினான். "அந்தக் கட்டையைக் குடுங்க தொரை! நான் சேத்துக் காட்டுறேன்! எனக்குத் தெரியும்! எல்லாம் தெரியும்!" சந்தியாகு அதை அவங்க பேச்சுல மாத்தி மாத்திச் சொல்லிக் கெஞ்சினான். கப்பித்தான் கையை ஆட்டிட்டு உள்ளே போயிட்டான். எல்லா மடையனும் இப்படித்தான் சொல்லுவான்னு நெனைச்சிருப்பான்.

படகு போற வரைக்கும் குப்பன் கத்தினது கேட்டுது.

மறுநாளே பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. ஊரைப் பூரா மடையனா நிக்கச் சொல்லிட்டு, புருசனை மட்டும் புத்திசாலியா அனுப்பிட்டாளாம் செல்வம்மா. மாரில அடிச்சுக்கிட்டது நாடகமாம். நான் சந்தியாகுவைப் பாத்த பார்வை இருக்குதே, அதே பார்வையை ஊர் மொத்தமும் என் மேல திருப்பிச்சு. குளத்துக்குப் போனா மத்த பொம்பளைங்க குடம் தள்ளி நகந்துது. தம்பியைப் பறிகுடுத்தவ தெரிஞ்சே செய்வாளான்னு ஒருத்தரும் கேக்கல.

பாடு பிரிக்கிற நாளு வந்துது. ஆம்பளைங்க போனாலும் ஓலை போகாதுன்னு நீலமேகம் சொல்லிட்டாரு. அதனால பொம்பளைங்கதான் கரையில நின்னாங்க. ஒவ்வொரு ஓலையா குடத்துல விழுந்துது. எங்க ஓலை வந்தப்போ, நீலமேகம் அதை எடுத்து முனியம்மா கையில குடுத்துட்டாரு. "குப்பன் பொண்டாட்டி நீ. நீ போட்டா விழும். எங்களுக்குச் சம்மதம்."

முனியம்மா என்கிட்ட வந்தா. கண்ணு வீங்கியிருந்துது, கோபம் இல்ல. "அண்ணி, ஊரு ஆயிரம் பேசுது. நான் நம்பல. உங்க தம்பியை நீங்களே அனுப்புவீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் ஓலையைப் போட்டுடறேன். சந்தியாகு அன்னைக்கி உங்க வாசல்ல நின்னதைப் பாத்தேன். அவரு உங்க கிட்ட இன்னா சொன்னாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துது.

"புத்தியா செஞ்சவங்க வூட்டுக்கு வருவாங்க, செய்யாதவங்க கப்பலுக்குப் போவாங்கன்னு சொன்னான்"னேன்.

"இதைக் குப்பன் கிட்ட சொன்னீங்களா?"

"இல்லடி."

அவ இடுப்புல இருந்த கொழந்தையை மாத்தி வெச்சுக்கிட்டா. அப்புறம் எங்க ஓலையை என் கையில வெச்சு, என் விரலை ஒவ்வொண்ணா மடக்கி மூடினா.

"உங்க தம்பி நீங்க சொன்ன மாதிரியே செஞ்சாரு அண்ணி"ன்னு சொல்லிட்டு, குடத்துக்கிட்ட திரும்பிப் போயிட்டா.