மெட்டித் தடம்

மண் சரிந்து மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, றலியா தன் கையால் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கத்துக்கு அனுப்பிவைத்த பெண், திகனயில் இருக்கும் அவருடைய வீட்டுக்கு வந்து ஹோலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அந்த வீதிக்கு மறுபடியும் குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்த றலியா சத்தம் கேட்டுத் திரும்பினார். வந்தவளின் தலைமயிரிலிருந்து சேறு கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு நாள் மண்ணுக்கடியில் கிடந்த முகமாக அது இல்லை. இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் முழு முகம். அந்த முகத்தை றலியா அதற்கு முன் பார்த்ததே இல்லை. காலைப் பார்த்துத்தான் ஆளை அறிந்தார்.

றலியா பாடசாலையில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை டீச்சர் என்றே கூப்பிடும். இருபத்திரண்டு வருடமாக, ஊரில் எந்தப் பெண் மௌத்தானாலும் மையத்தைக் குளிப்பாட்ட முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அவரும் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். கூலி என்ற பேச்சே கிடையாது. அந்தப் பெருமழையில் மலை இடிந்து மேலே இருந்த தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பையும் கீழே இருந்த வீடுகளையும் ஒரே சேறாக வாரிக்கொண்டு வந்தபோது, மதரஸா மண்டபத்துக்குப் பதினொரு பெண்களைக் கொண்டுவந்தார்கள். ஏழாவதாக வந்தவளின் முகம் முகமாக இல்லை. ஷிஹாப் என்ற இளைஞன் பச்சைச் சல்வாரின் ஓரத்தைப் பார்த்தான், தலையைத் திருப்பிக்கொண்டான், “எங்கட தங்கச்சி அம்னாதான்” என்றான். குளிப்பாட்டும்போது றலியாவின் கை அவள் பாதத்தில் நின்றது. இரண்டு கால்களிலும் இரண்டாவது விரலில் மெட்டி கிடந்த வெளிறிய தடம். மெட்டியை மண் உருவிக்கொண்டு போயிருந்தது, தடத்தை விட்டுவைத்திருந்தது. அம்னா கல்யாணமாகாதவள், மெட்டி போடுகிற வழக்கமும் அந்த வீடுகளில் இல்லை. வெளியே அம்னாவின் உம்மா ரபீகா நான்கு நாளாக ஒரு வாய் சோறு இறங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மழை மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. றலியா தண்ணீரை ஊற்றினார், வெள்ளைத் துணியால் பாதத்தை மூடினார். தண்ணீர் எடுத்துக் கொடுத்த பெண் எதையும் கவனிக்கவில்லை. மூடியது இரக்கம் என்று றலியா அன்று நினைத்தார். பிறகு அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

வந்தவள் பின்னேர அஸர் பாங்கு சொல்லும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தேநீர் வைத்தால் ஆறிப்போகும். துவாய் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்வாள், துடைக்கமாட்டாள். பக்கத்து வீட்டு சகீனா எட்டிப் பார்த்து, “டீச்சருக்கு விருந்தாளி போல” என்றார். நாலு நாள் கழித்து, சேறு இறங்கட்டும் என்று பழைய சாக்கு ஒன்றைக் கதிரைக்கடியில் விரித்துவிட்டுப் போனார். றலியாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. குர்ஆனைத் திறந்தால் எழுத்து நகர்ந்தது. நீ யார் பிள்ளை என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிடுவார்.

இப்படி ஐந்து வாரம் போனது. கண்டி நற்பணி ஒன்றியம் மண்சரிவின்போது உழைத்த தொண்டர்களைக் கௌரவிக்க முடிவு செய்திருந்தது. அதன் செயலாளர் லாபிர், ஓய்வு பெற்ற தபாலதிபர், பெயர்ப் பட்டியலோடு வந்தார். றலியா முடியாது என்றார். “நீங்க வராட்டி மத்தப் பொம்பளைகளும் மேடைக்கு ஏறமாட்டாங்க டீச்சர்” என்று லாபிர் சொல்லி, அவரைக் கரைப்பதற்காகப் பட்டியலை உரக்க வாசித்தார். மண் அள்ளியவர்கள், தண்ணீர்க் குழாய் போட்டவர்கள், பாலத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள். “அழகம்மா, மேல் லயம். தேடினவங்களுக்கு இருபத்தொரு நாள் சமைச்சுப் போட்டது. மருமகன் திலக்ஷன்ட மையத்து ரெண்டாம் நாளே கிடைச்சிச்சு. கல்யாணமாகி அஞ்சு மாசமான மகள் சிந்துஜாவ மட்டும் இன்னும் காணல்ல.”

கதிரையிலிருந்தவள் அன்றுதான் முதல்முறையாக இடையில் எழுந்தாள். லாபிரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அழகம்மாவின் பெயரின் மேல் ஈர விரலை வைத்தாள்.

“எங்கம்மா,” என்றாள்.

மை கலங்கிப் பரவியது. லாபிர் கடதாசியை உதறிக் காயவைத்தார். றலியா, தான் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை இருவரும் கண்டி பஸ்ஸில் ஏறினார்கள். குண்டசாலையில் கூட்டம் ஏறியபோதும் நனைந்தவளின் பக்கத்தில் யாரும் நெருங்கவில்லை. சீட் ஈரமாவதைப் பார்த்து நடத்துனர் மட்டும் சிங்களத்தில் முணுமுணுத்தார். கண்டிக் குளத்துக்குப் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் ரபீகாவும் ஷிஹாபும். மேடையில், பொன்னாடையைத் தோளில் எப்படி நிற்கவைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு அழகம்மா. றலியாவின் பெயரை வாசித்ததும் கைதட்டல் எழுந்தது. அவர் பொன்னாடையை வாங்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்தார்.

“இத எடுக்க முந்தி ஒண்டு சொல்லோணும். ரபீகா, உங்கட மகள் எண்டு நான் குளிப்பாட்டினது உங்கட மகள் இல்ல. ரெண்டு கால்லயும் மெட்டி போட்ட தடம் இருந்திச்சு. நான் கண்டேன். கண்டும் மூடிட்டேன்.”

ஷிஹாப் எழுந்துவிட்டான். “என்ன டீச்சர் பேசுறீங்க? நான்தானே பார்த்தது!”

“நீங்க உடுப்பத்தான் பார்த்தீங்க மகன்.”

அழகம்மா பக்கத்தில் வந்து நின்றார். மண்டபத்துக்கு அல்ல, றலியாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார். “வலது கால் மெட்டி கொஞ்சம் இறுக்கங்க. சதையில பதிஞ்சு கெடக்கும். பதிஞ்சிருந்துச்சா?”

“பதிஞ்சிருந்திச்சு.”

அழகம்மா சபையைப் பார்த்தார். கடைசி வரிசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் படியிறங்கி ஓடினார். “ஏன்டி, இப்படி நனைஞ்சுக்கிட்டா இத்தனை மாசமும் திரிஞ்ச? சளி புடிக்காது?” என்று திட்டியபடி பொன்னாடையை உருவி மகளின் தலையைத் துவட்டத் தொடங்கினார். துணி முழுவதும் சேறானது. ரபீகா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், “அப்ப எங்கட புள்ள எங்க?” என்றார். விழா அத்தோடு கலைந்தது.

அதன்பிறகு றலியாவை யாரும் ஜனாஸா குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. ஷிஹாப் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விசாரணை நடந்தது, வாக்குமூலம் எழுதினார்கள். மையவாடிக் குழியிலிருந்து மகளைத் தோண்டிக் கிளப்ப வேண்டுமா என்று கேட்டபோது அழகம்மா, “சுத்தமா குளிப்பாட்டி வச்சிருக்காங்க. அங்கனயே இருக்கட்டும்” என்று கைநாட்டு வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் மையவாடி மதிலுக்கு வெளியே கற்பூரம் ஏற்ற பள்ளிவாசல் நிர்வாகம் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

மண் அள்ளும் இயந்திரங்கள் மலையை விட்டு எப்போதோ போயிருந்தன. அம்னாவுக்காகத் தொண்டர்கள் மம்பட்டியோடு திரும்பவும் ஏறினார்கள், சனிக்கிழமை தோறும். அழகம்மா அடுப்பை மூட்டினார். றலியாவும் போய் ஒரு ஓரத்தில் வெங்காயம் உரித்தார். யாரும் அவரோடு பேசவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. சிந்துஜாவும் வந்தாள். சேற்றின் மேல் அங்குமிங்கும் நடப்பாள், நிற்கமாட்டாள். ஐந்தாவது சனிக்கிழமை, வேரோடு சாய்ந்த பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். மத்தியானமாகியும் அசையவில்லை. ஷிஹாப் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனான். அஸருக்கு முன் தங்கச்சியை எடுத்தார்கள். எலும்பும் பச்சைத் துணியும்தான் மிச்சம்.

“டீச்சர வரச் சொல்லுங்க,” என்றார் ரபீகா.

றலியா மதரஸா மண்டபத்துக்குள் போனார். ஆனால் தண்ணீரைத் தொடவில்லை. கதவைத் திறந்து ரபீகாவை உள்ளே கூப்பிட்டார். ரபீகா தரையில் உட்கார்ந்து, சின்ன வயதில் முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்த இடது மணிக்கட்டைக் கையிலெடுத்து, அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். தலையசைத்தார். அதன்பிறகுதான் றலியா முதல் குவளைத் தண்ணீரை ஊற்றினார்.

மலைக்கடியில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் வேலை நடக்கிறது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தொண்டர்கள் முதலில் சிந்துஜா எங்கே நிற்கிறாள் என்று பார்க்கிறார்கள். நடந்துகொண்டிருந்தால் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். நின்றுவிட்டால், தோண்டத் தொடங்குகிறார்கள்.