பெயர் சொல்லாத தேத்தண்ணி

தங்கரத்தினத்தின் தேத்தண்ணிக் கடையில் எவரும் வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. துறைமுக வாசலில் இருந்து வருவார்கள், கதிரையில் விழுவார்கள், "வழமை" என்பார்கள். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தேத்தண்ணி போடும் ஜெயரூபியின் தலைக்குள் இருக்க வேண்டும்.

அந்தத் தலைக்குள் என்னதான் இல்லை! பால் விடாத தேத்தண்ணி ஒன்றுக்கே மூன்று பெயர். அது துறைமுகத்தாருக்குப் பிளேன்ரீ, கிளிவெட்டியில் இருந்து நெல் லொறியோடு வருகிறவர்களுக்கு வெறுந்தேத்தண்ணி, சிங்களப் பொடியன்களுக்குக் கஹட. எஞ்சின் திருத்தும் பேணாட்டுக்குத் தேயிலைச் சாயம் கூட, சீனி உள்ளங்கையில், நக்கிக்கொண்டு குடிக்க. கடையில் அதற்குப் பெயர் கைச்சீனி. கிண்ணியா றிஸ்கானுக்கு இஞ்சி தட்டிப் போட வேண்டும். இளைப்பாறிய கிளாக்கர் இரத்தினசிங்கத்துக்கு மல்லிக் கோப்பி, ஆற்றாமல். இப்படி எழுபது, எண்பது பேர். பெரிய கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? அந்தக் கெட்டித்தனமே அவளைக் கட்டிப்போட்டுவிட்டது.

தாய் செத்த பிறகு, ஒன்பது வருஷத்துக்கு முன், மாமன் வீட்டுக்கு வந்தவள். மாமனும் செத்துப்போக, மாமி தங்கரத்தினமும் கடையும் அவளும் மிச்சம். பின்னேரங்களில் படித்துப் பாலர் பாடசாலை ஆசிரியைக்கான சான்றிதழ் எடுத்தாள். சாம்பல்தீவுப் பாலர் பாடசாலையில் வேலையும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"போ பிள்ளை, நான் மறிச்சனானோ?" என்றாள் மாமி. "ஆர் ஆருக்கு என்னெண்டு ஒராளைப் பழக்கிவிட்டிட்டுப் போ."

எவ்வளவு நியாயமான கதை பாருங்கள்! பழக வந்த மெலனி மூன்றாம் நாளே அழுதுகொண்டு ஓடிவிட்டாள். ஜெயரூபிக்கு அந்தச் சின்னக் கடைக்குள் மூச்சு முட்டியது. சோறு போட்ட மாமியை உதறிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

வெள்ளி காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தாள். பேணாட்டுக்குப் பால்தேத்தண்ணி, றிஸ்கானுக்கு மல்லிக் கோப்பி, இரத்தினசிங்கத்துக்கு இஞ்சிப் பிளேன்ரீ. நாலு பேர் சத்தம் போட்டால், 'இவள் இனிச் சரிவரமாட்டாள், போகட்டும்' என்று மாமியே அனுப்பிவிடுவாள் என்று நினைத்தாள்.

ஒருவரும் சத்தம் போடவில்லை. பேணாட் தன் வெறுங்கையை ஒருமுறை பார்த்தார், குடித்தார். றிஸ்கான் முகத்தைச் சுளித்தான், குடித்தான்.

இரத்தினசிங்கத்தின் கிளாஸை எடுக்கப் போனவள் மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அது உங்கடை இல்லைத்தானே? ஏன் பேசாமல் குடிச்சனீங்கள்?"

மனிதர் தலையைக் குனிந்தார். "மாமி நேற்றே எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டா. போற யோசினையிலை பிள்ளை பிழையாத் தந்தாலும் வாய் திறவாதேங்கோ, திறந்தால் அதைச் சாட்டி அவள் போயிடுவாள் எண்டு."

அட பாவிகளா! மாமி மட்டுமல்ல, கடை முழுக்கச் சேர்ந்தல்லவா கதவைச் சாத்தியிருக்கிறது! ஜெயரூபி கோபத்தில் கிளாஸை மேசையில் இடித்து வைத்தாள்.

மணி பத்தரை. கையைத் துடைத்தாள். மேசையைச் சுற்றி வெளியே வந்து, பேணாட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அதில் இருந்ததே இல்லை.

"மாமி, எனக்கொரு தேத்தண்ணி."

மாமி சிரித்துக்கொண்டே கிளாஸை எடுத்தாள். "என்ன தேத்தண்ணி?"

"வழமை."

மாமியின் கை பாலுக்குப் போனது, திரும்பி வந்தது. சீனிப் பேணியைத் தொட்டது, நின்றது. கடையில் எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"நீ... சீனி போடுறனியோ?" என்று கேட்டாள் மாமி.

ஜெயரூபிக்குக் கோபமெல்லாம் அழுகையாக வந்தது. "ஒன்பது வருஷம், மாமி" என்றாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். எவரும் மறிக்கவில்லை.

பின்னால் பேணாட் மாமியிடம் சொல்வது கேட்டது.

"அக்கா, எனக்குப் பிளேன்ரீ. சாயம் கூடப் போடுங்கோ, சீனி கையிலை தாங்கோ."