மூன்றாவது குறிப்பு

தையல் கம்பெனியில் அவளுக்குக் ‘கண்கொத்தி’ என்று பட்டப்பெயர். தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவள் ஒற்றைக் கை வைத்த சட்டைக்குச் ‘சரி’ என்று முத்திரை குத்தி அனுப்பியபோது கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். பிறகு கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். முதல் அறை, அக்காவோடு போனில் சத்தமாகச் சிரித்ததற்கு விழுந்தது. அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை. கணவன் பள்ளிக்கூட வாத்தியார். வெளியில் தங்கமான மனுஷன் என்று பேர். முகத்தில் அடிக்கமாட்டான். துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான்.

போலீசுக்குப் போவேன் என்று அக்கா மிரட்டியதும் அவன் முந்திக்கொண்டான்.

“மனநல டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா போதும். அப்புறம் நீ யார்கிட்ட என்ன சொன்னாலும் எடுபடாது.”

டாக்டர் ஒரு பெண். அவர் முன்னால் வாத்தியார் அழகான கையெழுத்தில் எழுதிவந்த தாளைப் பிரித்து, வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் வாசித்தான்.

“ஒண்ணு, அடுப்ப அணைக்க மறந்துடுறா. ரெண்டு, காரணமில்லாம அழுறா. மூணு, நான் உள்ள வந்தாலே திடுக்குன்னு எந்திரிச்சு சுவரோட ஒட்டிக்கிறா.”

டாக்டர் நிமிர்ந்தார். “நீங்க வந்தா மட்டுமா?”

அவன் மறுபடி தாளைப் பார்த்தான்.

“கொஞ்சம் வெளிய உட்காருங்க சார்.”

கதவு சாத்தியதும் அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். டாக்டர் பார்த்தார்.

“எனக்குப் பைத்தியமா டாக்டர்?”

“இல்லம்மா. வருஷக்கணக்கா பயந்துகிட்டே இருந்தா தூக்கம் போகும், ஞாபகம் தப்பும். சரிபண்ணலாம். ஆனா அடி நிக்காம எந்த மருந்தும் முழுசா கேக்காது.”

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தன்னிடம்தான் கோளாறு என்று எத்தனை நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்!

“அப்ப அதையே எழுதிக் குடுங்க. காயம் ஒண்ணு விடாம.”

வெளியே அவன் கையை நீட்டினான். “சர்டிபிகேட்தானே? குடு.”

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“வீட்டுக்கு வா, பேசிக்கலாம்” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“அடிக்கிறது நீ, மாத்திரை முழுங்குறது நானா?”

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“ஏய், மெதுவா…”

“ஏன் மெதுவா? இவர் வாத்தியாருங்க. வீட்டுல பொண்டாட்டிய மிதிக்கிறவர். மூஞ்சிய நல்லாப் பார்த்து வச்சுக்குங்க!”

கட்டிய துணியோடு அக்கா வீட்டுக்குப் போனாள். வழக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அவன் இன்னமும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறான். சேர்ந்தாற்போல ஆறு மணிநேரம் தூங்கவே அவளுக்கு அரை வருஷம் பிடித்தது.

அப்போதுதான் அவன் சமாதானத்துக்கு அவளுடைய அம்மாவைப் பிடித்தான். அம்மா போன் செய்தாள்.

“ஆம்பளைன்னா கோவத்துல ரெண்டு அடி அடிக்கிறதுதான்டி. நான் பொறுத்துப் போகலையா?”

“நீ வாங்கினதுக்கும் சேர்த்துத்தாம்மா எனக்குக் கோவம் வருது.”

அம்மா போனை வைக்கவில்லை.