ஒற்றை மேடு

என் நாத்தனாரின் டிஎன்ஏ பரிசோதனை வரைபடத்தில் ஒரே ஒரு மேடுதான் வந்தது. அதைக் கேட்டு என் கணவர் துள்ளிக் குதித்தார். நான் குதிக்கவில்லை.

நான் மரபணு லேபில் வேலை பார்க்கிறேன். நம் டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். மைக்ரோசாட்டிலைட் என்போம். எல்லோருக்கும் உண்டு, ஆளுக்கு ஆள் நீளம்தான் வேறு. ஒரே வரியைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லி வாத்தியார் தண்டனை கொடுத்தால், எத்தனை எழுதினோம் என்பது மறந்துபோகும் இல்லையா? உடம்பின் செல்களும் அப்படித்தான். நகலெடுக்கும்போது ஒன்றிரண்டைக் கூட்டிவிடும், குறைத்தும் விடும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. சில இடங்களில் மட்டும் நீளம் ஓர் எல்லையைத் தாண்டினால் நோய். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அது இன்னும் நீளக்கூடும், நோயும் இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

என் மாமனாருக்கு இருந்தது அப்படியொரு தசை நோய்தான். பிடித்த கை சட்டென்று விடாது. மகனைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியருக்குக் கைகொடுத்தவர், விடவே இல்லையாம். "உங்கப்பா ரொம்பப் பாசக்காரர்" என்று அந்த ஆசிரியர் பிற்பாடு என் கணவரிடம் சொன்னாராம். மாமனாரும் சிரித்து மழுப்பியே காலத்தை ஓட்டினார். கடைசியில் நோய் இதயத்துக்கும் போய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் கணவர் எப்போதோ பரிசோதித்துக்கொண்டார். அப்பாவிடமிருந்து வந்தது ஒன்று, அம்மாவிடமிருந்து வந்தது ஒன்று என்று திரையில் இரண்டு மேடுகள், இரண்டுமே எல்லைக்குள்தான். தப்பித்தார். நாத்தனார்தான் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தாள். இப்போது அவள் வயிற்றில் குழந்தை. தாயிடமிருந்து போனால், பிறக்கும்போதே மூச்சுவிடத் திணறும் அளவுக்கு அது முற்றியிருக்கலாம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ரத்தம் கொடுத்தாள். முடிவை என்னிடம் சொல்லலாம் என்று டாக்டரிடம் சொல்லியும் வைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் நாத்தனாரையும் வைத்துக்கொண்டு நான் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் முந்திக்கொண்டார். "எனக்கு ரெண்டு மேடு, அவளுக்கு ஒண்ணுதான். கம்மியா இருந்தா நல்லதுதானே!" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவுக்கு போன் போட்டு, "அவளுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லியும் முடித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "அரைகுறையா கேட்டுட்டு ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. அப்பா குடுத்ததும் அம்மா குடுத்ததும் ஒரே நீளமா இருந்தா ஒரே மேடா விழும். அப்படின்னா நல்லது. ஆனா ஒண்ணு ரொம்ப நீளமா இருந்தா, இந்த டெஸ்ட்ல அது தெரியவே தெரியாது. அப்பவும் ஒரு மேடுதான் வரும்."

"நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"அண்ணி சொல்லி முடிக்கட்டும்ணா" என்றாள் நாத்தனார். குரலில் பதற்றமே இல்லை. "அண்ணி, அத கண்டுபிடிக்க வழி இருக்கா?"

"இருக்கு. வேற ஒரு டெஸ்ட். நீளமானது ஒளிஞ்சிருந்தா, மேட்டுக்குப் பின்னாடி வால் மாதிரி நீண்டுட்டே போகும்."

"அப்போ அதையும் பண்ணிடுங்க." மடியில் அவள் கை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

மாமியாருக்குத் திரும்ப போன் செய்து "இன்னும் தெரியல அத்தை" என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "சரிம்மா, நல்லா பாத்துட்டே சொல்லு" என்றார்.

சொந்தக்காரர் ரத்தத்தை நாங்கள் தொடக்கூடாது. அதனால் டெஸ்ட்டைச் செய்தவர் என் சக ஊழியர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. அன்று அந்த மனிதர் என் உயிரை வாங்கினார். முதலில் வேறு சில மைக்ரோசாட்டிலைட்டுகளை அவளிடம் புதிதாக எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டு, குழாயில் இருப்பது அவள் ரத்தம்தானா என்று சரிபார்த்தார். நான் பல்லைக் கடித்தேன்.

"அவங்கதான்னு தெரியாம, யாருக்கு நல்ல சேதி சொல்லப்போறீங்க?" என்றார் திரும்பிப் பார்க்காமலேயே.

பக்கத்திலேயே ஒரு நோயாளியின் மாதிரியையும் ஓட்டினார். அதில் வால் சீராகத் தேய்ந்துகொண்டே வெகுதூரம் போனது. நாத்தனாருடையதில் ஒரு மேடு, அப்புறம் வெறும் தரை. ஆமை திரையைக் கடைசிவரை நகர்த்திப் பார்த்தார். "வால் இல்ல" என்றார். டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நாத்தனார் வெளியே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு இல்ல. குழந்தைக்கும் அது போகாது. அப்பாவும் அம்மாவும் ஒரே நீளத்தைக் குடுத்திருக்காங்க."

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதது நான்தான். கண்ணைத் துடைக்கலாம் என்று கையை இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். அவள் விரல்கள் அசையவே இல்லை. எனக்குப் பகீரென்றது. குழாய், லேபிள், திரை என்று எல்லாம் மனதில் ஒரு சுற்று ஓடிவிட்டன. பயந்துபோய் அவள் விரல்களையே பார்த்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "டெஸ்ட் சரிதான் அண்ணி. நான்தான் விடல."

பட்டென்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.