நடுப்பல்

அண்ணி அந்தச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தபோது உள்ளே ஒரே ஒரு பல் உருண்டது. அண்ணன் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவனுடைய மூச்சுக்குழாயில் அடைத்திருந்ததென்று ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்தது அந்தப் பல்லைத்தான். அது கட்டுப்பல்; அதைச் செய்தவள் அவன் தங்கை. செய்ததும் இதே பல் லேபில், இதே மேசையில்.

"நீ இருபது வருஷமா இதே வேலைதானே பாக்குற. பாத்துச் சொல்லு. ஸ்பூனாலதான் உடைஞ்சுதா?"

தங்கை நாற்காலியைக் காட்டினாள். அண்ணி உட்காரவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு ஒரு வருஷமாக அண்ணனுக்குக் குழைத்து ஊட்டியது அண்ணிதான். அன்று மத்தியானம் அவன் ஸ்பூனைக் கவ்வியவன் விடவில்லை. அண்ணி இழுத்தாள். கடக்கென்று ஒரு சத்தம். துப்பவும் தெரியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் கண் பிதுங்கியதை அண்ணி இன்னும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லவிட்டால்தானே! துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போலீஸ் விசாரணை நடத்திவிட்டுப் போனார்கள். "பொறுமையா ஊட்டியிருந்தா இப்படி ஆகுமா? இரும்பு ஸ்பூனைப் போய்த் திணிச்சிருக்கா" என்று அண்ணியின் காதுபடவே பேசினார்கள். நரம்பில்லாத நாக்குதானே, எப்படியும் வளையும். அன்றிலிருந்து அண்ணி வீட்டில் ஸ்பூனைத் தொடுவதில்லை. டீக்குச் சர்க்கரையைக் கூட டம்ளரை ஆட்டித்தான் கரைக்கிறாள்.

தங்கை பல்லை இடுக்கியால் எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. இரண்டு பக்கத்துப் பல்லுக்கும் உறை போட்டு, நடுவில் இந்தப் பல்லைத் தொங்கவிட்டு, மூன்றையும் ஒரே துண்டாக ஜிர்கோனியா என்ற பீங்கானில் செய்து கொடுத்தாள். சுடுவதற்கு முன் அது வெறும் சாக்பீஸ். சூளைக்குள் போய் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி வெளியே வந்தால் எஃகே அதனிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும். அவளுக்கு அன்று வாய் கொள்ளாத பெருமை.

"லாரியே ஏறினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது, அண்ணா."

"அப்ப நான் லாரிக்கடியில போனாலும் பல்லு மட்டும் சிரிச்சுக்கிட்டுக் கிடக்கும்னு சொல்லு" என்றான் அவன்.

இப்போது கிடந்தது. சிரிக்கவில்லை.

பீங்கான் வகைப் பொருள்களின் குணமே அதுதான். வளையாது, நசுங்காது, வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. போனால் ஒரேயடியாகப் போகும். ஆனால் உடைந்த இடத்தின் முகம் பொய் சொல்லாது. வெடிப்பு எந்த இடத்தில் ஆரம்பித்ததோ அங்கிருந்து விசிறி மடிப்புப் போல வரிகள் விரிந்திருக்கும். ஸ்பூன் குத்தி உடைந்திருந்தால் அந்த வரிகள் பல்லின் நுனியிலிருந்து வர வேண்டும்.

நுனியில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. இரண்டு பக்கமும் வரிகள் ஈறுப் பக்கத்திலிருந்து விரிந்திருந்தன. அவை தொடங்கும் இடத்தில் கத்தியால் இழுத்தது போல நேராக ஒரு கீறல். அது சுழன்று அறுக்கும் டிஸ்க்கின் தடம்.

அண்ணனுக்குப் போட்டுப் பார்த்த அன்று, மூன்று பல்லும் ஒட்டிக்கொண்டு பார்க்க நன்றாயில்லை என்று பேச்சு வந்தது. சுடுவதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் சீவலாம். சுட்ட பிறகு பல்லும் பல்லும் சேரும் இணைப்பில் டிஸ்க் படவே கூடாது. பட்டால் அந்தக் கீறல் ஒவ்வொரு கடிக்கும் ஒரு மயிரளவு உள்ளே போகும். லேபில் சேருகிற எல்லோருக்கும் முதல் வாரமே அதைச் சொல்லித் திட்டுகிறவளே அவள்தான். புதிதாகச் செய்ய இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையில் அண்ணனுக்கு ஆபீஸ் அட்டைக்குப் போட்டோ. நூலளவுதானே என்று இரண்டு பக்கமும் டிஸ்க்கை விட்டாள். சொந்த அண்ணன் என்று விதியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"என்ன, பேச மாட்டேங்கற?"

"அண்ணி, சில சமயம் வாங்கற ஜிர்கோனியா கட்டியிலேயே குறை இருக்கும். அதுக்கு யாரும்..."

"என் மனசுக்காகப் பேசாத. நீ பொய் சொன்னா உன் காது சிவக்கும். அவருக்கும் அப்படித்தான்."

காது சிவந்துதான் இருந்திருக்க வேண்டும். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"ஸ்பூன் இல்ல, அண்ணி. நான்தான். பாக்க அழகா இருக்கட்டும்னு சுட்ட அப்புறம் வெட்டினேன். வெட்டக் கூடாதுன்னு தெரிஞ்சே வெட்டினேன். அன்னைக்கு நீங்க எதை வச்சு ஊட்டியிருந்தாலும் என்னைக்கோ ஒரு நாள் உடைஞ்சிருக்கும். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தாள். அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அண்ணி குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இந்தக் கோடா?"

"ஆமா."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அண்ணி கண்ணை எடுக்கவில்லை. "ஒரே பலகை மாதிரி இருக்கு, நடுவுல கொஞ்சம் இடைவெளி விடக் கூடாதான்னு அன்னைக்கு நான்தானே கேட்டேன்."

அதை மட்டும்தான் தங்கை சொல்லாமல் விட்டிருந்தாள்.

"நீங்க கேட்டீங்க, அண்ணி. முடியாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

"அவர் நல்லாத்தான் இருக்குன்னார். நான்தான் விடல."

அண்ணி நிமிர்ந்து பல்லை விரலால் எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். மூடி சரியாகப் பொருந்தியதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"ஸ்பூன்னே சொல்லியிருக்கலாம் நீ" என்றாள். "பசிக்குமேன்னு ஊட்டப் போய் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.