ரிக்கின் முட்டி

சுவரொட்டியின் மூலைகளை அழுத்தித் தேய்த்துவிட்டு இமானி பின்னால் நகர்ந்தபோதுதான், அதில் இருப்பது தன் அப்பா என்று மார்னிக்குப் புரிந்தது.

படம் வேறு யாருடையதோ. இணையத்தில் விலைக்கு வாங்கிய சிரிப்பு, ஒரு கீறல்கூட இல்லாத ஹெல்மெட். கீழே எழுதியிருந்ததுதான் அப்பா. 'ரிக். ஐம்பது தாண்டியவர். கூரை வேலை. பழைய சோபாவிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சை முட்டிக்கடியில் போட்டுக்கொள்வார். ஏணியில் எப்போதும் இடது காலையே முதலில் வைத்து இறங்குவார். மண்டியிட்ட இடத்திலிருந்து எழ முடியாதபோது, மற்றவர்கள் கவனிக்கக் கூடாதென்று, விழுந்த ஆணியைத் தேடுவதுபோலத் தரையைத் தடவிக்கொண்டிருப்பார்.'

இமானியைப் போல டிசைன் படிக்கிறவர்களுக்கு அப்படியொரு பழக்கம். யாருக்காகப் பொருள் செய்கிறார்களோ அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, முகம் வைத்து, தாங்களே ஒருவனை உண்டாக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க ரிக் அவர்களோடுதான் இருந்தான். "ரிக்குக்கு இந்தக் கலர் புடிக்குமா?" "ரிக் இதைக் கழுவுவானா, அப்படியே வண்டியில தூக்கிப் போடுவானா?" மார்னி இயந்திரவியல் மாணவி; கூரைக்காரர்களுக்கான முட்டிக்காப்பைச் செய்துகொண்டு பட்டறையிலேயே கிடந்ததால் ரிக்கைப் பற்றி எழுதியதை அவள் படித்ததில்லை. கூரைக்காரர்களைத் தெரியுமா என்று ஒருநாள் பீட்சா தின்றுகொண்டே இமானி கேட்டாள். ஒருத்தரைத் தெரியும் என்று ஆரம்பித்து மார்னி கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள். அந்த ஒருத்தர் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"இந்த ஆணி தேடற வரி வேணாம்," என்றாள் இப்போது.

"அதுதான் கரோலுக்கு ரொம்பப் புடிச்சுது. கண்ணே கலங்கிடுச்சு அவங்களுக்கு." கரோல், பணம் தருகிற கூரைப்பொருள் கம்பெனியின் ஆள்.

"பரவாயில்ல, எடுத்துடு."

"ஏன், நீ சொன்னதுதானே?"

சந்தைப்படுத்தல் படிக்கும் கால்வின், டையைச் சரிசெய்துகொண்டே குறுக்கே வந்தான். "அம்மா தாயே, ரிக்கு மேல மட்டும் கை வைக்காதீங்க. இந்தப் பொருளை விக்கப்போறதே அவன்தான்."

மார்னியின் கைப்பேசியில் அப்பாவின் செய்தி காலையிலிருந்தே கிடந்தது. 'மழை. வேலை இல்ல. கார்டி எங்க எல்லாரையும் உங்க காலேஜுக்குக் கூட்டிட்டு வரான். சாப்பாடு ஓசியாமே.'

கார்டி, அப்பாவின் முதலாளி; இன்று பொருளைக் காட்டும் நாள் என்று கரோல் கூரைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தாள். கெட்டவன் இல்லை. ஆனால் முட்டி போனவனை அவன் மேலே ஏற்ற மாட்டான். இருபது வருஷம் கூரையில் கிடந்த ஸ்டூவை, ஒருநாள் ஏணியில் தடுமாறியதற்காகக் கீழே இறக்கினான். புல்லில் காந்த உருளையைத் தள்ளிக்கொண்டு உதிர்ந்த ஆணி பொறுக்குகிற வேலை. அடுத்த வசந்தத்தில் அதற்குக்கூட ஸ்டூவைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "முட்டிங்கற வார்த்தையே அவன் காதுல விழக் கூடாது."

இமானியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று யோசித்து மார்னி வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்து, கரோலின் பின்னால் ஈர ஜாக்கெட்டுகளோடு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. சாண்ட்விச், ஈரத் தார் வாடை, சத்தமான சிரிப்பு. கடைசியில் அப்பா, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தேவாலயத்துக்குள் வருவதுபோல.

கார்டி ஒரு கையில் கேக்கோடு சுவரொட்டியை வாய்விட்டுப் படித்தான். "ஆணி தேடுவானாம்! அடேய், இது நம்ம ஸ்டூடா! அச்சு அசல் அவனேதான். நான்கூட ஆரம்பத்துல நம்பிட்டேன், இந்த ஆளு என்ன இவ்ளோ ஆணியைக் கீழ விடுறான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். கண்ணாடியை மடித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார் மார்னியைப் பார்த்து. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"யாராவது ஒருத்தர் போட்டுப் பாருங்களேன்," என்றாள் கரோல். மேசைக்குப் பக்கத்தில் மாணவர்கள் சரிவான ஒரு கூரைத் துண்டைக் கட்டி, தார் ஓடு பதித்து வைத்திருந்தார்கள்.

"டேய் லென், ஏறுடா," என்றான் கார்டி. "உன் பொண்ணு செஞ்சதுதானே. நீ போடாம வேற எவன் போடுவான்?"

மறுத்தால் ஏன் என்று கேட்பான். லென் முட்டிக்காப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய விரல்கள் பட்டைகளை மாட்டிய வேகத்தைக் கரோல் மெச்சினாள். சரிவில் ஏறி மண்டியிட்டார். காப்பின் அடியிலிருந்த ஆப்பு ஓட்டைப் பிடித்துக்கொண்டது, வழுக்கவில்லை. மார்னியின் கணக்கு அத்தனையும் சரியாகத்தான் இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நெசமாவே சொகமா இருக்கு," என்றார். பொய்யில்லை, அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சரி, எறங்கு. அடுத்தவன் பாக்கட்டும்."

இதற்கு முன் இந்தக் காப்பைச் சோதித்தவர்கள் நீச்சல் அணிப் பையன்கள். மண்டியிடுவது எவ்வளவு சுகம் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுந்திருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எழுந்திருப்பது என்று தனியாக ஒரு வேலை இருக்கிறதென்பதே காப்பைச் செய்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது, மார்னியைத் தவிர. அவளும் மறந்துபோயிருந்தாள்.

அப்பாவின் வலது கை, பழக்கத்தில், ஓட்டின் மேல் மெல்லத் தடவ ஆரம்பித்தது. சட்டென்று நின்றது. அந்த வழி இப்போது சுவரில் ஒட்டியிருந்தது. அவர் அப்படியே இருந்தார், ஏதோ ஓட்டின் தரத்தைப் பார்ப்பவர்போல. காதுக்குப் பின்னால் வியர்த்திருந்தது.

மார்னி சரிவில் ஏறி அவருக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள்.

"அப்பா, அசையாதீங்க. என் கம்மல் விழுந்துடுச்சு."

"கம்மலா?" என்றார் அவர்.

"ஆமா. இங்கதான் எங்கயோ."

கீழே நின்ற இமானி அவளைப் பார்த்தாள். மார்னியின் தலைமுடி பின்னால் இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு காதிலும் துளையே கிடையாது. இமானியின் பார்வை அங்கிருந்து லென்னின் கைக்குப் போயிற்று, சுவரொட்டிக்குப் போயிற்று, திரும்பி வந்தது. தன் நல்ல கால்சட்டையோடு அவளும் சரிவில் ஏறி, கார்டிக்கும் லென்னுக்கும் நடுவில் மண்டியிட்டாள்.

"என்ன கலர்?" என்றாள்.

"வெள்ளி. சின்னது."

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிதிச்சுடப் போறீங்க," என்று கால்வின் ஒன்றும் புரியாமல் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான்.

மூன்று பேரும் கருப்பு ஓட்டைத் தடவினார்கள். அப்பாவின் இடது கை மார்னியின் தோளில் வந்து உட்கார்ந்தது. முதலில் லேசாக, பிறகு கனமாக. அவள் இரண்டு உள்ளங்கையையும் ஓட்டில் ஊன்றி, முதுகை விறைத்துக்கொண்டாள். அவர் எழ எழ, கனம் ஏறிக்கொண்டே போனது.

கார்டி கேக்கை மேசையில் வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே, மார்னியின் காதைப் பார்க்கக் குனிந்தான்.